புரூக் கான்செர்ட்டோவும் என் இடது கையும்: லைப்சிக்கில் பட்ட பாடு

சின்ன வயதிலிருந்து கர்நாடக வயலின் வாசித்தவர்கள், வேலைக்காக ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கம் வந்து, இங்கே காதில் விழும் வயலின் கான்செர்ட்டோக்களில் (தனி வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகள்) மனதைப் பறிகொடுத்து, இதையும் கற்றுக்கொண்டால் என்ன என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் இருக்கிறேன். இந்த வழியில் எனக்கு முன்னால் போனவர் யாரையும் எனக்குத் தெரியாது. கேட்க ஆளில்லாமல் தனியாகவே முட்டி மோதியதில் ஆயிரத்து ஐந்நூறு யூரோவுக்கு மேல் போனது. பணத்தை விடுங்கள், ஏறக்குறைய அரை வருடம் வயலினையே எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். ஏழு வயதிலிருந்து தினமும் கையில் இருந்த வாத்தியம் அது. அந்த மாதங்களை இன்னொருவர் அனுபவிக்கக் கூடாது.

லைப்சிக்கில் இருந்துகொண்டு கான்செர்ட்டோ மேல் ஆசை வராமல் இருப்பது கஷ்டம். இசையமைப்பாளர் மெண்டல்சனின் ஈ மைனர் (மேற்கத்திய ஸ்கேல் ஒன்றின் பெயர்) கான்செர்ட்டோ அரங்கேறிய ஊர் இது. 1838 ஜூலையில் தன் நண்பர் ஃபெர்டினாண்ட் டாவிட்டுக்கு எழுதிய கடிதத்தில், ஈ மைனரில் ஒன்று தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் ஆரம்பம் என்னை நிம்மதியாக இருக்க விடமாட்டேன் என்கிறது என்று மெண்டல்சன் சொல்கிறார். டாவிட், இந்த ஊர்க் கச்சேரி அரங்கான கெவாண்ட்ஹவுஸின் இசைக்குழுவில் முதல் வயலின். எது கைக்கு வரும், எது வராது என்று அவரிடம் கேட்டுக் கேட்டு எழுதி, முடிப்பதற்கு 1844 ஆகிவிட்டது. 1845 மார்ச் 13 அன்று டாவிட்தான் முதன்முதலில் வாசித்தார். உடம்பு சரியில்லாமல் மெண்டல்சனால் வர முடியவில்லை. நீல்ஸ் காடே இசைக்குழுவை நடத்தினார். பிராம்ஸின் டி மேஜர் கான்செர்ட்டோவும் இதே ஊரில்தான், 1879 ஜனவரி 1 அன்று, வயலின் கலைஞர் யோவாகிம் வாசிக்க பிராம்ஸே நடத்த அரங்கேறியது. இதையெல்லாம் படித்துவிட்டு வேலை முடிந்து கெவாண்ட்ஹவுஸ் வாசல் வழியாக டிராமில் வீட்டுக்குப் போகும்போது யாருக்குத்தான் கை துறுதுறுக்காது?

ஒரு தனியார் ஆசிரியர் கிடைத்தார். நாற்பத்தைந்து நிமிட வகுப்புக்கு நாற்பத்தைந்து யூரோ. முதல் நாள் ஒரு வர்ணத்தை இரண்டு காலத்தில் வாசித்துக் காட்டினேன். அவர் அசந்துபோனார். இவ்வளவு வேகம் ஓடும் கைக்கு ஆரம்பப் பாடமெல்லாம் வீண், நேராக ஜெர்மன் இசையமைப்பாளர் மாக்ஸ் புரூக்கின் ஜி மைனர் கான்செர்ட்டோவுக்கே போய்விடலாம், அடுத்த வசந்தத்தில் இங்கே உள்ள ஒரு அமெச்சூர் இசைக்குழுவின் தேர்வுக்கும் அதையே வாசிக்கலாம் என்றார். அவர் அருமையான வாசிப்பாளர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கர்நாடக வயலின்காரர் ஒருவருக்கு அவர் அதற்கு முன் சொல்லிக்கொடுத்ததே இல்லை. என் கை எதற்குப் பழகியிருக்கிறது, எதற்குப் பழகவில்லை என்று அவர் பார்க்கவில்லை. எனக்கோ அன்றிரவு தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

புரூக்கின் ஆரம்பம் நம்மைச் சட்டென்று இழுத்துவிடும், அதுதான் ஆபத்து. டிம்பனி என்ற முரசு மிக மெலிதாக உருளும். காற்று வாத்தியங்கள் ஒரு சின்ன வாக்கியம் சொல்லும். அப்புறம் வயலின் மட்டும் தனியாக, விரலே வைக்காத கீழ் ஜி தந்தியில் நீளமாக ஒரு ஸ்வரம் பிடித்து, அங்கிருந்து தாளக்கட்டு இல்லாமல் மேலே ஏறும். மறுபடி குழு, மறுபடி தனி வயலின். முதல் தடவை வாசித்தபோதே இது ஆலாபனைதானே என்று தோன்றியது. மந்திர ஸ்தாயியில் சட்ஜத்தைப் பிடித்து நிதானமாக மேலே போவது நமக்கு ரத்தத்தில் ஊறிய விஷயம். வில்லை நீளமாக இழுத்து நாதத்தை நிறுத்துவதும் பழகியதுதான். ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அந்த ஒரு பக்கத்தை வைத்து மீதியும் வந்துவிடும் என்று அவரும் நம்பினார், நானும் நம்பினேன்.

வேகம் எடுக்கும் இடத்தில்தான் பிரச்சினை. அங்கே மூன்று தந்திகளைச் சேர்த்து அடிக்கும் கார்டுகள் வரும், இரட்டை ஸ்வரங்கள் வரும். நாம் பெரும்பாலும் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்தே தந்தியில் வழுக்கி வழுக்கி வாசிக்கிறோம். கமகத்துக்கு அதுதான் வசதி. சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலின் தலையைக் கணுக்கால் பக்கம் ஊன்றியிருப்பதால், வாத்தியத்தைத் தாங்கும் வேலை இடது கைக்குக் கிடையாது. இங்கே நின்றுகொண்டு வாசிக்க வேண்டும். வாத்தியம் தாடைக்கும் தோளுக்கும் நடுவே நிற்கும். நான்கு விரலும் ஒரு சட்டம்போல எப்போதும் தந்திக்கு மேல் தயாராக இருக்க வேண்டும். எண்மம் (கீழ் சட்ஜமும் மேல் சட்ஜமும் போல ஒரு ஸ்தாயி இடைவெளியில் இரண்டு ஸ்வரம்) வாசிக்க ஆள்காட்டி விரலும் சுண்டு விரலும் ஒரே நேரத்தில் இரண்டு தந்தியில் ஊன்ற வேண்டும். என் சுண்டு விரல் அதுவரை உருப்படியாக ஒரு வேலையும் செய்ததில்லை. அதை இழுத்து ஊன்ற ஊன்ற, கட்டைவிரல் வயலின் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. வாத்தியம் நழுவிவிடுமோ என்ற பயத்தில் தாடையும் இறுகியது. தோள்தாங்கி சரியில்லை என்று ஆசிரியர் சொன்னதால் இரண்டு விதமாக வாங்கிப் பார்த்தேன், அதற்கே நூற்றிருபது யூரோ ஆனது. பயன் இல்லை. தோள்தாங்கியில் ஒரு கோளாறும் இல்லை, விரல்களுக்குத்தான் பழக்கம் இல்லை.

அதனால் முதலில் சொல்ல வேண்டியது இதுதான். புது ஆசிரியரிடம் போனால் வேகமான எதையும் வாசித்துக் காட்டாதீர்கள். ஒரு எளிய ஸ்கேலை நான்கு விரலும் போட்டு, நின்றுகொண்டு, மெதுவாக வாசித்துக் காட்டுங்கள். சுண்டு விரல் எப்படி இருக்கிறது, கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அதைப் பார்த்தும் ஒருவர் புரூக் என்று சொன்னால், ஏன் என்று தயங்காமல் கேளுங்கள்.

கான்செர்ட்டோக்களுக்கும் ஒரு படிவரிசை இருக்கிறது என்று எனக்கு யாருமே சொல்லவில்லை. சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம், வர்ணம், அப்புறம் கீர்த்தனை என்று நாம் போவதைப் போலத்தான் இங்கேயும். மாணவர்களுக்கென்றே எழுதப்பட்ட கான்செர்ட்டோக்கள் உண்டு. ஓஸ்கர் ரீடிங்கின் பி மைனர், கையை முதல் நிலையிலிருந்து நகர்த்தாமலே வாசித்து முடிக்கலாம். அடுத்து ஃப்ரீட்ரிஹ் சைட்ஸின் மாணவர் கான்செர்ட்டோக்கள். அப்புறம் 1711-இல் அச்சான விவால்டியின் ஏ மைனர், அவருடைய மூன்றாம் தொகுப்பில் ஆறாவது. அதன்பின் அக்கோலே, பாஹின் ஏ மைனர், ஹைடனின் ஜி மேஜர், வியோட்டியின் இருபத்திரண்டாவது. பிறகு மொசார்ட். அதற்கும் அப்புறம்தான் புரூக், மெண்டல்சன். பீத்தோவன், பிராம்ஸ், சிபேலியஸ் எல்லாம் வாழ்நாள் வேலை. ஆசிரியருக்கு ஆசிரியர் இந்த வரிசையில் ஒன்றிரண்டு மாறும், ஆனால் புரூக்கை முதல் படியாக வைப்பவர்கள் யாரும் இல்லை. இதில் ஒன்றும் தரக்குறைவு கிடையாது. இருநூறுக்கும் மேல் வயலின் கான்செர்ட்டோ எழுதியவர் விவால்டி. அந்த ஏ மைனரில் வில் ஒழுங்காக நடக்கப் பழகிய கைக்கு மற்றதெல்லாம் எளிதாகும். இப்போது அதை வாசிக்கும்போது எனக்கே தெரிகிறது.

பணம் எங்கெங்கே போனது என்று சொல்கிறேன். புரூக் இறந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதால் பழைய பதிப்புகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். நான் அதில் ஒன்றை அச்செடுத்துப் பயிற்சி செய்தேன். அந்தக் காலத்துப் பதிப்பாளர்கள் தங்கள் ரசனைப்படி விரல் எண்களையும் வில் குறிகளையும் போட்டிருப்பார்கள். விரல் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவது அன்றைய பாணி. ஆசிரியரிடம் இருந்தது வேறு பதிப்பு. வாராவாரம் வகுப்பில் பாதி நேரம் விரல் எண்களை அடித்துத் திருத்துவதிலேயே போனது. தேர்வுக்கு முன் பியானோவோடு சேர்ந்து வாசித்துப் பழக ஒரு கொரெபெட்டிட்டரை அமர்த்தினேன், மணிக்கு நாற்பது யூரோ. இசைக்குழுவின் பகுதியைப் பியானோவில் வாசித்து நம்மைப் பழக்குபவர் அவர். அவரிடம் இருந்தது மூன்றாவது பதிப்பு. ஒத்திகைக்கான அடையாள எழுத்துகள் என் தாளில் ஒரு இடத்தில், அவர் தாளில் வேறு இடத்தில். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தேடிக்கொண்டிருந்த நேரத்துக்கெல்லாம் காசு கொடுத்திருக்கிறேன். தனி வயலின் பகுதியும் பியானோ பகுதியும் சேர்ந்த ஒரே பதிப்பை ஆசிரியரிடம் கேட்டு முதலிலேயே வாங்கிவிடுங்கள். இருபது, இருபத்தைந்து யூரோ ஆகலாம், அதற்கு மேல் மிச்சமாகும். லைப்சிக் நகர நூலகத்தில் தனி இசைப் பிரிவே இருக்கிறது, இசைத்தாள்களை இரவல் தருகிறார்கள். இதுவும் எனக்குக் கடைசியில்தான் தெரிந்தது.

அந்த பியானோக்காரர்தான் இன்னொன்றும் கேட்டார்: "முதல் பகுதியை எங்கே நிறுத்தப் போகிறீர்கள்?" எனக்குப் புரியவில்லை. புரூக்கின் முதல் பகுதி தானாக முடியாது. அதற்கு அவர் வைத்த பெயரே முன்னுரை. ஆரவாரமெல்லாம் அடங்கி, ஒரு ஸ்வரம் மட்டும் மெலிதாகத் தொங்கி, அதிலிருந்து நிறுத்தாமல் இரண்டாவது பகுதியான அடாஜியோ (மெதுவான பகுதி) தொடங்கிவிடும். மெண்டல்சனிலும் அப்படித்தான்: முதல் பகுதியின் கடைசி கார்டிலிருந்து பஸூன் என்ற ஒரு குழல் வாத்தியம் மட்டும் பி-யைப் பிடித்துக்கொண்டு நின்று, அரை ஸ்வரம் ஏறி சி-க்குப் போய், அடுத்த பகுதிக்குக் கதவைத் திறந்துவிடும். நடுவில் யாரும் கைதட்டக் கூடாது என்பதுபோல எழுதியிருக்கிறார். இந்த மாதிரி இடங்களில் எங்கே நிறுத்துவது, எப்படி முடிப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். தனியாக வயலின் பகுதியை மட்டும் பார்த்துப் பயிற்சி செய்தால் இது தெரியவே தெரியாது. எல்லா வாத்தியங்களின் பகுதிகளும் உள்ள முழு ஸ்கோரைப் பார்த்துக்கொண்டு ஒலிப்பதிவைக் கேளுங்கள். நாம் வாசிக்காத இடத்தில் யார் என்ன வாசிக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் அது கான்செர்ட்டோ.

தேர்வு நாள் வந்தது. அதற்குள் முன்கையின் வெளிப்பக்கம் வலிக்க ஆரம்பித்திருந்தது. வலி போகப் போகச் சரியாகிவிடும், பழக்கம்தான் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். புரூக்கில் முதல் பக்கத்தைக் கேட்டார்கள். நன்றாகவே போனது. கார்டுகள் வந்த இடத்தில் கை சொன்னபடி கேட்கவில்லை. "போதும், நன்றி. மொசார்ட் ஏதாவது கொண்டு வந்திருக்கிறீர்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். சரி என்று ஒரு சிம்பொனியின் இரண்டாம் வயலின் பகுதியை வைத்து, பார்த்தவுடன் வாசிக்கச் சொன்னார்கள். அதற்கும் நான் தயாராக இல்லை. இந்த வருடம் வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

ஜெர்மனியில் தொழில்முறை இசைக்குழுத் தேர்வு என்றால் மொசார்ட்தான் முதலில். ஜி மேஜர், டி மேஜர், ஏ மேஜர், இந்த மூன்றில் ஒன்று. மூன்றும் 1775-இல் சால்ஸ்பர்க்கில், அவருக்குப் பத்தொன்பது வயதில் எழுதியவை. அமெச்சூர் குழுக்களும் அதே வழக்கத்தைப் பின்பற்றுவது உண்டு. காரணம் எளிது: மொசார்ட்டில் எதையும் மறைக்க முடியாது. புரூக்கில் உணர்ச்சியால் சில தவறுகளை மூடிவிடலாம். மொசார்ட்டில் ஒவ்வொரு ஸ்வரமும் வெயிலில் காயப்போட்ட துணி மாதிரி தனித்தனியாகத் தெரியும். தேர்வில் பெரும்பாலும் முதல் பகுதியின் ஆரம்பத்தை மட்டுமே கேட்பார்கள். ஜி மேஜரில் முதலில் இசைக்குழு முழு அறிமுகத்தை வாசிக்கும், அதன் பிறகுதான் வயலின் நுழையும். பியானோக்காரர் நம் நுழைவுக்கு முன் எத்தனை அட்சரம் வாசிப்பார் என்று அவரோடு பேசிவிட வேண்டும். கடென்சா (குழு நிற்க வயலின் தனியாக வாசிக்கும் இடம்) வாசிக்க வேண்டுமா என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தன் வயலின் கான்செர்ட்டோக்களுக்கு மொசார்ட் எழுதிய கடென்சா ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை, பின்னால் வந்தவர்கள் எழுதியதைத்தான் எல்லோரும் வாசிக்கிறார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், தேர்வுக்கு என்னென்ன வேண்டும் என்று இசைக்குழுவுக்கே ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்பது. ஆசிரியர் சொன்னது போதும் என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு வரி பதில் எனக்கு வந்திருந்தால் அந்தக் குளிர்காலமே வேறு மாதிரி இருந்திருக்கும்.

தேர்வு முடிந்த பிறகு வலி கூடியது. கதவுக் கைப்பிடியைத் திருப்ப முடியவில்லை, தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை, அலுவலகத்தில் மௌஸைப் பிடித்தால் விண்ணென்று தெறித்தது. எலும்பு மருத்துவரிடம் நேரம் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆனது. தசைநாண் அழற்சி, வாசிப்பதை முழுக்க நிறுத்துங்கள் என்றார். பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார். அரசு காப்பீட்டில் இருந்தால் ஒரு சீட்டுக்குப் பத்து யூரோவும் கட்டணத்தில் பத்து சதவீதமும் நாம் கட்ட வேண்டும், மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இங்கே இசைக் கலைஞர்களுக்கென்றே தனி மருத்துவப் பிரிவுகள் உண்டு; டிரெஸ்டன் இசைக் கல்லூரியில் ஒன்று இருக்கிறது. வயலினைக் கையோடு கொண்டுபோய், வாசித்துக் காட்டி, எந்த இடத்தில் எந்த தசை இறுகுகிறது என்று பார்த்துச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்குத் தெரியாது. வலி வந்த முதல் வாரமே அப்படி ஒருவரைத் தேடுங்கள். வலி பழகிவிடும் என்று எந்த ஆசிரியர் சொன்னாலும் கேட்காதீர்கள். களைப்பு வேறு, வலி வேறு.

இசையமைப்பாளர் ஷூமனின் கதையை அந்த நாட்களில்தான் முழுதாகப் படித்தேன். இதே லைப்சிக்கில் பியானோ பயின்றவர் அவர். இருபது வயதைத் தாண்டிய கொஞ்ச நாளிலேயே வலது கை விரல் கெட்டு, வாசிப்பாளராகும் கனவு போயிற்று. காரணம் என்னவென்று இன்றுவரை வாதம் நடக்கிறது. 1853-இல் யோவாகிமுக்காக டி மைனரில் ஒரு வயலின் கான்செர்ட்டோ எழுதினார். யோவாகிமும் ஷூமனின் மனைவி கிளாராவும் அதை வெளியே விடாமல் வைத்துவிட, 1937 நவம்பரில்தான் பெர்லினில் முதன்முறையாக மேடை ஏறியது. அதன் இரண்டாவது பகுதியைக் கேளுங்கள். கை கட்டிப்போடப்பட்டு உட்கார்ந்திருந்த மாதங்களில் எனக்கு அது பெரிய துணையாக இருந்தது.

புரூக் மேல் இருந்த கோபமும் அப்போதுதான் போனது. 1866-இல் கோப்லென்ட்ஸில் அந்தக் கான்செர்ட்டோவை முதலில் நடத்தியபோது அவருக்கே திருப்தி இல்லை. யோவாகிமிடம் அனுப்பி, அவர் சொன்னதைக் கேட்டு நிறைய மாற்றி எழுதினார். இன்று நாம் கேட்பது 1868-இல் பிரெமனில் யோவாகிம் வாசித்த வடிவம். அதைப் பதிப்பாளருக்கு ஒரே தொகைக்கு விற்றுவிட்டதால், உலகமெல்லாம் வாசித்தும் அதன் பிறகு அவருக்குப் பைசா வரவில்லை. முதல் உலகப் போருக்குப் பின் வறுமையில், கையெழுத்துப் பிரதியையாவது விற்றுத் தாருங்கள் என்று இரண்டு அமெரிக்க பியானோ சகோதரிகளிடம் கொடுத்து அனுப்பினார். 1920-இல் பணம் எதையும் பார்க்காமலே இறந்துபோனார். குடும்பத்துக்கு வந்து சேர்ந்தது மதிப்பிழந்த ஜெர்மன் தாள் பணம். பிரதி இப்போது நியூயார்க்கில் மார்கன் நூலகத்தில் இருக்கிறது. அந்த மனிதர் இன்னும் இரண்டு வயலின் கான்செர்ட்டோ எழுதியிருக்கிறார், ஸ்காட்டிஷ் ஃபான்டசி எழுதியிருக்கிறார். எல்லோரும் ஜி மைனரையே கேட்கிறார்களே என்று கடைசிவரை வருந்தினார்.

இப்போது வேறு ஆசிரியரிடம் போகிறேன். முதல் மாதங்கள் முழுக்க ரீடிங்தான். இருபது நிமிடம் வாசித்துப் பத்து நிமிடம் ஓய்வு, கடிகாரம் வைத்து. ஸ்கேல் பயிற்சிக்குத் தம்பூராச் சுருதியைப் போட்டுக்கொள்கிறேன், அவருக்கும் அது பிடித்துப்போய்த் தன் மற்ற மாணவர்களுக்கும் சொல்கிறார். ஜெர்மன் குழுக்கள் சுருதி சேர்க்கும் ஏ ஸ்வரத்தை 442, 443 ஹெர்ட்ஸில் வைப்பதால் செயலியில் சுருதியை அதற்கேற்ப ஏற்றிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் குழுவில் உட்காரும்போது விரல் ஒரு மயிரிழை தாழ்ந்தே விழும். வாரத்தில் இரண்டு நாள் கீழே உட்கார்ந்து நம் பாணியில் வாசிப்பதையும் விடவில்லை. இரண்டையும் ஒரே நாளில் கலந்தால் கட்டைவிரல் குழம்புகிறது, அதனால் நாட்களைப் பிரித்துவிட்டேன். விவால்டி முடிந்து பாஹின் ஏ மைனர் நடக்கிறது. கூடவே, தேர்வு வைக்காமல் சேர்த்துக்கொள்ளும் ஒரு சின்னக் குழுவில் இரண்டாம் வயலினில் கடைசி வரிசையில் உட்கார்கிறேன். பார்த்தவுடன் வாசிக்கும் பழக்கம் அங்கேதான் வருகிறது, அதற்குக் கட்டணமும் இல்லை. உங்கள் ஊரில் அப்படி ஒன்று கட்டாயம் இருக்கும், ஆசிரியரைத் தேடும் முன்பே அதைத் தேடிச் சேர்ந்துவிடுங்கள். எந்த ஆசிரியர் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார் என்று பக்கத்து நாற்காலிக்காரர்களே சொல்லிவிடுவார்கள்.